போபாலில் பேசிவிட்டு வந்தவள்

ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டு மிதிபட்டு, பக்கத்துச் சந்தில் ஒதுங்கினால் ஷரஃபுதீன் பட்டன் கடை வரும். லைனிங் துணி, ஜிப், கொக்கி, சேலைக்கு ஃபால்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மகள் கைசர் ஜஹான். ஷரஃபுதீன் இப்போது இல்லை, போர்டில் பேர் மட்டும் இருக்கிறது. ரவிக்கைத் துணியை நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பாள், பின்னால் திரும்பி அந்த நிறத்துக்கு லைனிங்கை உருவிப் போடுவாள். சிரிக்க மாட்டாள், எரிந்து விழவும் மாட்டாள். பேரம் பேசினால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முதலில் சொன்ன விலையையே திரும்பவும் சொல்வாள். "அந்தப் பொண்ணுக்கு ரொம்பத் திமிர்" என்று எங்கள் தெருப் பெண்களுக்கு ஓர் அபிப்பிராயம். திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை. கதை எனக்குத் தெரியும். பாதி அவளே சொன்னது. மீதியைச் சொன்னவர் திருவான்மியூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரரான ஜெயலக்ஷ்மி மேடம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். மயிலாப்பூரில் கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் கைசரின் வீடு. பக்கத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியின் என்.எஸ்.எஸ். பிரிவு ஜெயலக்ஷ்மி மேடம் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு சாந்தோம் கடலோரக் குப்பத்துக்குப் போவார். மீன் விற்கிற பெண்களுக்குப் பஸ் போர்டு படிக்கவும் கையெழுத்துப் போடவும் சொல்லித் தருவார்கள். மற்றவர்கள் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். கைசர் உண்மையிலேயே பிடித்துப்போய் வந்தவள், மழை நாளிலும் வருவாள்.

அந்த வருஷங்களில் கல்லூரிகளுக்கு மாநாட்டுக் கிறுக்கு பிடித்திருந்தது. தலைமைப் பண்பு மாநாடு, சேவை மாநாடு, இளைஞர் எழுச்சி முகாம் என்று பேர் மாறுமே தவிர சமாசாரம் ஒன்றுதான். போனதும் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டுவார்கள், வட்டமாக நிற்க வைத்துக் கைதட்டிப் பாட வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய், தோழர்கள் தாங்கிப் பிடிப்பார்கள் என்பார்கள். அவர்களும் பிடித்துத்தான் தொலைப்பார்கள், பிடித்துவிட்டு நாட்டையே தாங்கியது போல ஒரு முகம் வேறு. நானும் ஒன்றுக்குப் போயிருக்கிறேன், சப்பாத்தி நன்றாக இருந்தது.

அப்படி ஒரு மாநாடு அந்த வருஷம் போபாலில் நடந்தது. மேடம் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஐந்து நாள். நான்காம் நாள் பெரிய மேடையில் மாநிலத்துக்கு ஒருவர் பேச வேண்டும். தமிழ்நாட்டுக்குக் கைசர். சாந்தோம் குப்பத்து வகுப்பைப் பற்றி இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

"காலேஜுக்கு அனுப்பறதே பெரிசு, இதுல போபால் வேறயா?" என்று அவள் மாமா வீட்டுக்கே வந்து கேட்டார்.

"பேசத்தானே போறா, திருடவா போறா?" என்றார் ஷரஃபுதீன்.

மனிதர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். கல்லூரி விட்டதும் மகளைக் கடைக்கு வரவழைத்து, கல்லாவுக்கு முன்னால் நிற்க வைத்து, தினமும் பேச்சை ஒப்பிக்கச் சொல்வார். துணியும் கையுமாக நிற்கிற வாடிக்கையாளர்களிடம், "செத்த இருங்கம்மா, எம் பொண்ணு பேசறா" என்பார். "உங்களுக்குப் புரியவா போகுது அத்தா?" என்று இவள் சிரித்தால், "பேச்சு புரியலன்னா இன்னா, நீ நிக்கிற நிப்பு புரியுதே" என்பார். சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "பயப்படாத. நல்லாப் பேசிட்டு வா."

மூன்றாம் நாள் மத்தியானம் மாநாட்டு அலுவலகத்துக்கு ஒரு ஃபோன். கைசரின் அண்ணன் அஃப்தாப், எஸ்.டி.டி. பூத்திலிருந்து எத்தனையோ தடவை முயன்று, எப்படியோ லைன் கிடைத்துப் பேசியிருக்கிறான். எடுத்த குமாஸ்தா மேடத்தைத் தேடி வந்து சொன்னார்: கைசர் ஜஹானின் அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே அனுப்பி வைக்கவும்.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூரில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியை நாம் சாவு என்று சொல்வதில்லை. பயணத்தில் மனசு உடைந்துவிடுமாம், தனியாக வருகிறவர் எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவாராம். அதனால் ஆளை ஐஸில் வைத்துவிட்டு, சீரியஸ், உடனே புறப்பட்டு வா என்போம். கேட்கிறவருக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்துவரோ, இந்த ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமை. அதற்கு முந்தின வருஷம் கைசரின் பெரியத்தா மௌத்தானபோது, பெங்களூரில் இருந்த அவர் மகனுக்கு ஃபோன் போட்டவளே கைசர்தான். மய்யித்து கூடத்தில் கிடக்கிறது, இவள் பூத்தில் நின்றுகொண்டு, "கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, வந்துடு" என்றாள். ஆக, அவளுக்கு இந்தப் பாஷை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மேடத்துக்கும் வேண்டியதில்லை. அவர் தன் பங்குக்கு இன்னும் ஒரு படி குறைத்துக்கொண்டார். கைசரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம்மா. உன்னை வரச் சொல்றாங்க" என்றார்.

தோளில் வைத்த கையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் கேட்கவில்லை. "சரி மேடம்" என்றாள்.

"பக்கத்து வீட்டு நம்பர் ஏதாவது இருக்கா? ஃபோன் போட்டு விசாரிக்கலாமா?"

"வேணாம் மேடம். பாவம், அவங்கள எதுக்குத் திரும்பவும் பொய் சொல்ல வைக்கணும்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த விவகாரத்தில் கெட்டவர் என்று யாருமே இல்லை, எல்லாரும் நல்லவர்கள். எனக்கு எரிச்சலே அதில்தான். யாராவது ஓர் ஆள் கொஞ்சம் முரட்டுத்தனமாக, "செத்துட்டாரா, இருக்காரா?" என்று ஃபோனில் கத்தியிருந்தால் போதும்.

கைசர் அறைக்குப் போய் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு தொழுதாள். மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னா லில்லாஹியை ஓதினாள். அத்தாவை அடக்கப்போகிற கபுரை விசாலமாக்கு என்று துவா கேட்டாள். அழுகை வரவில்லை. உடம்பில் எங்கேயோ ஊசி போட்டு மரத்துப் போன மாதிரி இருந்ததாம். கிள்ளிப் பார்த்தால் கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை.

சென்னைக்கு ரயில் மறுநாள் காலையில். ஏறினால் அதற்கடுத்த நாள் காலையில் சென்ட்ரல். அவள் கணக்கு போட்டாள். இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துவிடுவார்கள். மிஞ்சிப்போனால் நாளைக் காலை. நமக்குக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. நாளை ஏறினாலும் முகத்தைப் பார்க்க முடியாது, நாளை மறுநாள் ஏறினாலும் முடியாது. நடுவில் இருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். பேசிவிட்டு வா என்றுதானே சொன்னார்.

சாயங்காலம் மேடத்திடம் போனாள். "நான் நாளைக்குப் பேசிட்டு, அடுத்த நாள் உங்க எல்லாரோடயும் வரேன் மேடம்."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது, உடனே வரச் சொல்லியிருக்காங்களே..."

"உடனே போனா மட்டும் என்ன மேடம்?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இறந்துபோனதைப் பற்றிப் பேச வேண்டும், அதைத்தான் யாரும் பேசக்கூடாதே. "உன் இஷ்டம்மா" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு இன்றைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார்.

நான்காம் நாள் கைசர் பேசினாள். கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்ற அதே நிப்பு. ஒரு வார்த்தை தவறவில்லை. குப்பத்துச் சொர்ணம் முதல் முதலாக ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதாம். இவளுக்குக் கைதட்டல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேட்பது போல இருந்தது. இறங்கி வந்து, தட்டில் போட்ட சாதத்தை முழுக்கச் சாப்பிட்டாள். அதுதான் தனக்கு ஆச்சரியம் என்று என்னிடம் சொன்னாள். பசித்தது, சாப்பிட்டேன் அக்கா என்றாள்.

ஆறாம் நாள் காலை சென்ட்ரலில் இறங்கி, மேடமும் அவளும் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் வந்தார்கள். சந்து முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, ஆம்பளைகள் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாகியும் இவ்வளவு கூட்டமா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். கூடத்தில் அத்தா இருந்தார். தாடைக்குத் துணி கட்டி, நெஞ்சு வரை வெள்ளை போர்த்தி.

வெறும் வீட்டுக்குத் தயாராகி வந்தவள் அவள். முகத்துக்குத் தயாராகவில்லை.

"ஏன் இன்னும் எடுக்கல?" என்று அண்ணனைக் கேட்டாள். "எனக்காகவா வெச்சிருந்தீங்க?"

"எடுக்கறதா?" அஃப்தாப்புக்குப் புரியவில்லை. "இன்னிக்கு விடிகாலைல, சுபுஹு பாங்கு சொல்லக்குள்ளதான் போனாரு. இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்தோம். நேத்து பூரா உன்னயத்தான் கேட்டுக்கினு இருந்தாரு. யாரு கதவத் தொறந்தாலும் தலயத் தூக்கிப் பாத்துக்கினு... நீ இன்னாடி இப்ப வர்ற?"

"நீ ஃபோன்ல சீரியஸ்னு சொன்னியே."

"ஆமா, சீரியஸாத்தான் இருந்தாரு. நெஞ்சு வலி. வேற இன்னா சொல்லணும்?"

அம்மா அஸ்மத்துன்னிசா உள்ளறையிலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டு கதறினார். "ஏன்டி இவ்ளோ லேட்டு? ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"டிக்கெட் கிடைக்கலம்மா."

வாசற்படியில் பெட்டியோடு நின்ற மேடம் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

அன்றும் அவள் அழவில்லை. தைரியசாலிப் பெண், நாலு ஊர் பார்த்த பெண் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "போபால்லயே அழுது முடிச்சுட்ட மாதிரி இருந்துச்சு அக்கா. ஆனா போபால்லயும் அழல. அது எங்க போச்சுன்னே தெரியல" என்றாள் என்னிடம், லைனிங் துணியைக் கிழித்துக்கொண்டே. உயிரோடு கதவைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கபுரு துவா கேட்டோமே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்பதைக்கூட ஒரு விவரம் போலத்தான் சொன்னாள்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் அம்மா இருந்த மாதங்களில் ஒரு நாள் மேடம் துக்கம் விசாரிக்கப் போனார். துணிப்பையில் ஒரு கேடயம் இருந்தது. மாநாட்டில் மிக நன்றாகப் பேசியதற்காகக் கைசருக்கு வந்த பரிசு, போபாலிலிருந்து கல்லூரிக்குத் தபாலில் வந்திருந்தது. அம்மா கையிலேயே கொடுத்தால் அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். டிக்கெட் விஷயத்தை யோசிக்கவில்லை. நல்லவர்கள் அப்படித்தான், பாதி வழிதான் யோசிப்பார்கள்.

கைசர் டீ கொண்டு வந்தாள். அஸ்மத்துன்னிசா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களாண்ட ஒண்ணு சொல்லணும் மேடம். அவருக்குக் கடைசி வரைக்கும் ஒரே கவலை. அஃப்தாப் ஃபோன் போட்டுட்டான்னு தெரிஞ்சதும் படுத்த படுக்கையில அவனத் திட்டினாரு. ஏன்டா கூப்ட்ட, அவ பேசாம கெளம்பிடுவாளேடா, என்னால அவ பேச்சு கெட்டுப் போச்சேன்னு. மறுநாளு, எப்ப வருவான்னு கேப்பாரு, ஒடனே, பேசாமயே வர்றாளே பாவம்னு கண்ணுல தண்ணி விடுவாரு. அந்தக் கொறயோடவே போயிட்டாரு."

மேடத்தின் கை பைக்குள் போயிருந்தது. "இல்லம்மா, அவ..." என்று ஆரம்பித்தார்.

"மேடம், டீ ஆறிடும்" என்றாள் கைசர்.

சத்தம் உயர்த்தவில்லை. மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து கையை எடுத்து டம்ளரை வாங்கிக்கொண்டார். கேடயம் இப்போதும் எங்கள் எதிர்வீட்டுப் பரணில் செய்தித்தாள் சுற்றியபடி இருக்கிறது.

கிளம்பும்போது அஸ்மத்துன்னிசா கதவு வரைக்கும் வந்தார். "அடுத்த வருஷம் மீட்டிங்குக்கும் இவளயே அனுப்பி வைங்க மேடம். ஒரு தடவ, ஒரே தடவ மேடையேறிப் பேசிட்டான்னா போதும், அவரு ரூஹு நிம்மதியாயிடும்."

"அனுப்பறேம்மா" என்றார் மேடம்.

கைசர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.