மான்ஹோவின் ஏப்ரன்

சந்தை வாசலில் சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை ஒன்று தெரிந்தால் போதும், தாக் மான்ஹோவின் இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் போய்விடும். ஏப்ரன் முடிச்சு அவிழும். சுருட்டிய ஏப்ரன் மேசைக்கு அடியில் போகும். அடுத்த நிமிடம் அவர் கடையைச் சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மனைவி வறுத்து வைத்த நெத்திலியை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவர்போலக் குனிந்து பார்ப்பார்.

"இது இன்னிக்குப் போட்டதாங்க?" என்று கேட்பார், சட்டைக்காரர்கள் காதில் விழும்படி.

"நேத்து நீங்க தின்னுட்டு மிச்சம் வெச்சது," என்பாள் மிசுன், கரண்டியை நிறுத்தாமல்.

சட்டைக்காரர்கள் தொழிற்பேட்டையில் இருக்கும் கம்ப்ரஸர் கம்பெனி ஆட்கள். மான்ஹோ அங்கே கால் நூற்றாண்டு வேலை பார்த்து, மேனேஜராகி, ஆள்குறைப்பு வந்தபோது வெளியே வந்தவர். அவர்கள் தலை மறைந்ததும் ஏப்ரன் மறுபடி இடுப்புக்கு வரும், விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரிபடும்.

எதிர்க்கடை என்னுடையது. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களின் மானம் காப்பது என் தொழில். தென்கொரியாவின் சாங்வோன் நகரில் இந்தச் சந்தைக்குள் தையல் இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். மான்ஹோவைப்போல் பார்க்கப் பார்க்கச் சலிக்காத ஆள் கிடைத்ததில்லை.

தரை எப்போதும் ஈரமாக இருக்கும் தொடுகறிக் கடைக்குப் பாலிஷ் போட்ட தோல் செருப்போடு வருவார். காலையில் அடுப்பு பற்றியதும் மனைவிக்கு எதிரில் நிமிர்ந்து நின்று, "இன்னிக்கு டார்கெட் என்ன?" என்று கேட்பார். "அந்த மூட்டைதான் டார்கெட்," என்று அவள் வெங்காயத்தைக் காட்டுவாள். ஒவ்வொரு வெங்காயத்தையும் கையெழுத்துக்கு வந்த ஃபைலைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உரிப்பார். டப்பா மூடியில் லேபிள் ஒட்டுவதற்கு ஸ்கேல் வைத்திருக்கிறார். கொஞ்சம் கோணினாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். தாமரைத்தண்டு குழம்பு தீர்ந்துபோய் வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். இது அவருடைய தாரக மந்திரம். மழை வந்தாலும் சொல்வார், மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் சொல்வார், கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கும் இதையேதான் சொன்னாராம்.

ஏப்ரன் புதிதாக வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"இதுல நெஞ்சுப் பக்கம் ஒரு பாக்கெட் வெச்சுக் குடுங்க."

"வெங்காயத்தைப் போட்டுக்கவா?"

"ஒரு பாக்கெட் இல்லாம உடம்பு நிக்க மாட்டேங்குது," என்றார். சிரிக்கவில்லை. வைத்துக் கொடுத்தேன். புது ஆள் யாரையாவது பார்த்தால் அவர் வலது கை தானாக அந்தப் பாக்கெட்டுக்குப் போகும். மேனேஜராக இருந்தபோது விசிட்டிங் கார்டு இருந்த இடம் அது. உள்ளே ஒன்றும் இருக்காது. கை சும்மா திரும்பி வரும்.

மேனேஜர் எப்படிச் சிப்பந்தி ஆனார் என்று கேட்டால் காரணம் மருத்துவக் காப்பீடுதான். நம்மூரில் அது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. பித்தப்பைக் கல்லை எடுக்க நான் படுத்தபோது, மருத்துவமனையில் என் கையிலிருந்து போனது கொஞ்சம்தான். ஆனால் மாதச் சம்பளக்காரருக்குக் காப்பீடு ஒரு முகம் காட்டும், சம்பளம் இல்லாதவருக்கு வேறு முகம் காட்டும். சம்பளக்காரருக்குப் பாதியைக் கம்பெனி கட்டும், மீதியும் கண்ணில் படாமலே பிடிபடும். வேலை போனாலோ, வருமானத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்து எடை போட்டுக் கட்டணம் போடுவார்கள். மான்ஹோவுக்கு இருந்தது ஒரே ஒரு அடுக்குமாடி வீடு. அதற்கும் வங்கிக் கடன் பாதி பாக்கி.

வேலையை விட்டவர்கள் மூன்று வருடம் பழைய கட்டணத்திலேயே ஓட்டிக்கொள்ள ஒரு சலுகை உண்டு. கெடுவுக்குள் எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மிசுன் சொல்லிப் பார்த்தாள். "எதுக்கு? ரெண்டு மாசத்துல வேற கம்பெனில உக்காந்துருவேன். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார் இவர். கெடு போயிற்று. கம்பெனி எதுவும் கூப்பிடவில்லை. வேலையை விட்டபோது கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் மிசுன், தான் கூலிக்கு வேலை பார்த்த இந்தத் தொடுகறிக் கடையைத் தன் பேருக்கு வாங்கினாள். அப்புறம் காப்பீட்டு பில் வந்தது.

அன்று மாலை அவள் குரல் சந்தைக்கே கேட்டது. "வீட்டுக்கும் சேத்து கட்டணுமாம் அக்கா! நான் வறுத்தாத்தான் காசு. வீடு என்ன, நெத்திலியா வறுத்துப் போடுது?"

பில் தொகையும் மகள் ஹேரினின் கணக்கு டியூஷன் பீஸும் ஏறக்குறைய ஒன்று. பெண்ணுக்கு அடுத்த வருடம் கல்லூரி நுழைவுத் தேர்வு. நடுத்தரக் குடும்பத்துப் பட்ஜெட் சின்னப் போர்வை மாதிரி, காலை மூடினால் தலை வெளியே வரும். வீட்டுக் கடனை நிறுத்த முடியாது, காப்பீட்டை நிறுத்தச் சட்டம் விடாது. மிசுன் டியூஷன் சாரிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து பெண் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து, என் கடை முக்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வழி காட்டியது அவளுக்கு வரிக்கணக்குப் பார்க்கிறவர். கடையில் சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கடை கம்பெனிக் கணக்கில் சேர்ந்துவிடும், பிறகு கட்டணம் வருமானத்தை மட்டும்தான் பார்க்கும், வீட்டைப் பார்க்காது என்றார். "ஆனா ஆள் நெஜமா வேலை செய்யணும்மா. பேருக்கு எழுதி வெச்சீங்கன்னா மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வெப்பாங்க."

"ஆளுக்கு எங்க போறது? வீட்டுலயே ஒருத்தர் பேப்பர் படிச்சிட்டுக் கெடக்காரு," என்றாள் மிசுன்.

இப்படித்தான் மான்ஹோ தன் மனைவியிடம் வேலைக்குச் சேர்ந்தார். "அப்பா, உங்களுக்குப் புரொபேஷன் எத்தனை மாசம்?" என்று ஹேரின் கேட்டாளாம். அவளுடைய டியூஷன் தப்பித்தது. ஆளும் ஏமாற்றவில்லை. விடிவதற்குள் வருவார், கடைசிப் பாத்திரம் கழுவும்வரை நிற்பார், சம்பளம் அவர் கணக்குக்கு ஒழுங்காகப் போகும். எல்லாம் சரி. அதை வாய்விட்டுச் சொல்வதுதான் அவருக்கு ஆகாது.

அறுவடைத் திருநாள் நெருங்கிய சமயம். கடையில் போன் அடித்தது, மான்ஹோ எடுத்தார். காப்பீட்டு அலுவலகத்துப் பெண். கணவனை ஆளாகக் காட்டினால் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். தாக் மான்ஹோ என்பவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஊர் ஆண்பிள்ளை பழக்கத்தில் என்ன சொல்வானோ அதைத்தான் இவரும் சொன்னார்.

"வேலையா? சேச்சே. சும்மா வீட்டுக்காரிக்கு ஒத்தாசை பண்றேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதை என் இடத்திலிருந்தே பார்த்தேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

மிசுன் இடுக்கியும் கையுமாகத் திரும்பினாள். "ஒத்தாசையா? விடியறதுக்குள்ள வந்து வெங்காயம் உரிக்கறது யாரு, உங்க ஆவியா?"

"வாய்ல வந்துருச்சு, ஹேரின் அம்மா."

"அந்தக் காலத்துல போன் எடுத்தா 'மேனேஜர் தாக் மான்ஹோ பேசறேன்'னுதான் ஆரம்பிப்பீங்க. ராங் நம்பருக்குக் கூடப் பதவியைச் சொல்லுவீங்க. அந்த வாய் இப்ப எங்க போச்சு?"

"அப்ப பதவி இருந்துச்சு."

"இப்ப இல்லியா? மாசாமாசம் சம்பளம் குடுக்கறேனே, அது பிச்சையா?"

அவர் பழக்க தோஷத்தில், "அதெல்லாம் நான் பாத்துக்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்," என்றாள் மிசுன். குரல் இறங்கிவிட்டது. "நீங்க பாத்துக்கிட்டதெல்லாம் போதும். அந்த டியூஷன் சார் முன்னாடி இன்னொரு தடவை போய் நிக்க என்னால முடியாதுங்க. டியூஷன் வேணாம்னு சொன்னப்ப ஹேரின் எதுவும் கேக்காம தலையாட்டுச்சு பாருங்க, அதை இன்னொரு தடவை பாக்கவும் முடியாது."

எனக்கு மான்ஹோமேல் கோபம் கோபமாக வந்தது. கௌரவம் பார்க்கிற ஆண்பிள்ளைகளுக்காக எத்தனை கால்சட்டை தைத்திருக்கிறேன்! அந்தக் கௌரவத்துக்கு வட்டி கட்டுகிறவர்கள் எப்போதும் வீட்டுக்குள் இருக்கிறவர்கள்தான்.

மறுநாள் அவரே ஏப்ரனோடு என் முன்னால் வந்து நின்றார். கட்டுகிற நாடா ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"நாடா பிஞ்சுருச்சு."

"கட்டும்போது பிஞ்சுதா, அவுக்கும்போது பிஞ்சுதா?" என்று கேட்டேன்.

மனிதர் தோல் செருப்பின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. இரட்டைத் தையல் போட்டு, அதன்மேல் குறுக்கே இன்னொரு தையலும் போட்டு, "இனிமே இதை இழுத்தா நீங்கதான் பிய்வீங்க," என்று கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

திருநாள் நெருங்கினால் மிசுன் கடையில் நிற்க இடம் இருக்காது. படையலுக்கு மீன் பொரியலும் பூசணி வடைகளும் வீட்டில் சுடும் வழக்கம் குறைந்துவிட்டது. ஊரே இங்கே வந்து வாங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு மாலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் இளம்பெண் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "காப்பீட்டு ஆபீஸ்லேருந்து வர்றேன். நீங்க வியாபாரத்தைப் பாருங்க, கூட்டம் கொறையட்டும்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தூண் ஓரமாக ஒதுங்கினாள். ஆனால் கண் ஒதுங்கவில்லை. மான்ஹோ தட்டு நிரப்புவதையும், லேபிள் ஒட்டுவதையும், மிச்சக் காசு கொடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிசுன் முகத்தில் அடுப்புச் சூட்டுக்கு மேல் ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

நேரம் காலம் பார்த்தா வரும்? சாம்பல் நிறச் சட்டை ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. சோங்மின். மான்ஹோவுக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்த பையன், இப்போது மான்ஹோவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்.

"மேனேஜர் சார்! நீங்களா? இங்க என்ன சார் பண்றீங்க?"

தூண் ஓரத்துப் பெண் கேட்க வந்த கேள்வியும் அதுதான். அவள் கழுத்தைச் சற்று நீட்டினாள்.

மான்ஹோவின் கைகள் முதுகுப் பக்கம் போயின. என் கையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. மிசுன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எண்ணெய் கொதிக்கும்போது அவள் தோசைத்திருப்பி சும்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு வடை ஓரம் கருகியது. நான் போட்ட இரட்டைத் தையல் அவர் விரல்களில் அகப்பட்டது எனக்கே தெரிந்தது. நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்தார். வெடுக்கென்று இழுத்தார். முடிச்சு இறுகியது.

பிறகு வலது கை பழக்கப்படி நெஞ்சுப் பாக்கெட்டுக்குப் போனது. பாக்கெட் காலி. ஒரு கணம் கை அங்கேயே இருந்தது. அப்புறம் அது மேசைக்கு வந்து, லேபிள் சுருளிலிருந்து ஒன்றைக் கோணாமல் கிழித்தது. மிசுன் தொடுகறிக் கடை என்று பெரிய எழுத்து, கீழே போன் நம்பர்.

மான்ஹோ மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார், இந்தத் தடவை ஏப்ரனோடு. சோங்மின் பதறிப்போய் வணக்கம் சொல்லக் குனிவதற்குள், அவர் முந்திக்கொண்டு இடுப்பு மடியக் குனிந்தார்.

"சிப்பந்தி தாக் மான்ஹோ," என்றார், தூண் வரைக்கும் கேட்கும் குரலில். "இந்தக் கடையில வேலை பாக்கறேன். உங்க ஆதரவு வேணும்."

லேபிளை விசிட்டிங் கார்டைப்போல இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டியிருந்தார். சோங்மின் கையிலிருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் அதை வாங்கும்வரை அவர் நிமிரவில்லை.