சுவரின் ஓரத்தில் நின்றவள்

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் என் மச்சினன் தூரிகையைத் தொட்டான். நான் அரியலூர்ப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். திருமழபாடிப் பக்கம் அவனுடைய ஊரில் புதுச் சமுதாயக் கூடம் கட்டி, சுவரில் நெல் அறுவடையை வரைய ஆள் தேடியபோது ஊரார் அவனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

வேலை பாதியில் இருக்கும்போது பார்க்கப் போனேன். நானும் அறுவடைப் பெண்களை வரைந்தவன்தான். என் பெண்கள் காலில் சேறு படாமல், எல்லோரும் ஒரே முகத்தோடு கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல நிற்பார்கள். அவன் சுவரிலோ, வரிசையின் ஓரத்தில் ஒருத்தி குனிந்தபடியே ஒரு காலால் மறு காலின் கெண்டையைச் சொறிந்துகொண்டிருந்தாள். நெல் சுணை என் காலிலேயே அரித்தது. வயிறு எரிந்தது.

அவள் இடது கையில் அரிவாள் பிடித்திருந்தாள். நடுவில் நின்றால் பக்கத்து ஆள்மேல் பட்டுவிடும் என்று இடது கைக்காரரை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். அது எனக்குத் தெரியும். அவள் யாரென்றும் தெரியும். அவன் அம்மா, என் மாமியார்.

"நல்ல காரியம் நடக்குற எடம். பீச்சாங்கையில அரிவாளா?" என்றேன்.

"அம்மாவுக்கு அந்தக் கைதானே மாமா."

"நமக்குத் தெரியும். பாக்குறவன், கை வரையத் தெரியாதவன் போட்டதுன்னு சொல்லுவான்."

அவன் சிரிப்பு நின்றது. "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். கையை மட்டும் மாற்றினால் உடம்பு பொருந்தவில்லை. அவளை முழுக்க அழித்து, வேறொருத்தியை வரைந்தான். என் பெண்களில் ஒருத்திபோல இருந்தாள்.

திறப்பு விழாவன்று என் மனைவி சுவரின் ஓரம்வரை நடந்து போய்ப் பார்த்தாள். "அம்மாவ வரைஞ்சிருக்கேன்னானே, எங்கங்க?"

மச்சினன்தான் சொன்னான்: "சரியா வரலக்கா. மாமா பாத்து சொன்னதால தப்பிச்சேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி வந்தவள், அரியலூர் நெருங்கும்போது, "அவன்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அம்மாவைத் திரும்ப வரைந்துவிடுவான், முன்னைவிட நன்றாகவே. கெண்டையைச் சொறியும் அந்தக் காலை நான் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.