டிரம்மில் வந்த திரு இருதயம்

கடலில் ஒதுங்கும் பொருளுக்கு எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் யார் அதைக் கட்டுகிறார்களோ, பொருள் அவர்களுடையது. மரத்தடியோ, மிதவையோ, அப்புறம் கேட்க ஆள் கிடையாது. அந்த ஆடி மாதத்துக் காலையில் நீல டிரம்மைக் கட்டியது என் மாமியார். புதுக்கடைச் சந்தைக்கு மீன் சுமக்கிறவர். கையில் கயிறு இல்லையென்று, தலையில் சும்மாட்டுக்கு வைத்திருந்த துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டார்.

உருட்டிக்கொண்டே வந்தவர் முற்றத்தில் நின்று கூப்பிட்டார். "ஏட்டி, வந்து பாரு, யாரு வந்திருக்கதுன்னு!"

நான் அப்போது நான்கு மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதும் போய்விடுமோ என்ற பயத்தில் குனிவதற்கே யோசிப்பேன். மெதுவாகப் போய்ப் பார்த்தேன். டிரம்மின் வயிற்றில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் கறுப்பாக ஓர் ஆளின் தலையும் தோளும். நெஞ்சின் நடுவிலிருந்து வெள்ளை வெளிச்சம் நாலாபுறமும் பரவியது. முகம் மட்டும் இல்லை. கீழே இருந்த எழுத்து சீனமோ கொரியனோ, அதுவும் பாதி கிழிந்திருந்தது.

"திரு இருதய ஆண்டவராக்கும்," என்றார் மாமியார். "மொகத்த உப்பு தின்னுட்டு. எத்தன நாளு கடல்ல கெடந்தாரோ!"

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் எதிர்ச்சுவரில், நெஞ்சில் ஒளியோடு அவர்தான் நிற்பார். பிறந்தது முதல் அதையே பார்த்த கண்ணுக்கு வேறு என்னதான் தெரியும்? நான் பி.எட். படித்தவள். சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கும்பிட்டேன்.

டிரம்மை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, வராந்தாவில் வைத்தோம். எங்கள் கிணறு உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். பிடித்து வைக்கப் பெரிய டிரம் கிடைத்ததே பெரிய காரியம். படம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்து, முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினார் மாமியார்.

இரண்டாவது வாரத்தில்தான் கவனித்தோம். மற்ற குடங்களில் நான்காம் நாளே கொசுப்புழு நெளியும். டிரம்மில் ஒன்றுகூட இல்லை. அதன் விளிம்பில் எறும்பு ஏறவில்லை. வீட்டுப் பூனை வரும், மோந்து பார்க்கும், காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கிப் போய்விடும். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி சிலிர்த்தது. மாமியாருக்கோ கண் நிறைந்துவிட்டது.

"புழு தொடாத வெள்ளம், பாத்தியா மக்கா? இனி உனக்கு இதுதான். பிள்ள தங்கும்."

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தந்தார். லேசாக இனித்தது. தண்ணீர் எதற்கு இனிக்க வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? மடச்சி, கேட்கவில்லை.

என் கணவருக்கு மஸ்கட்டில், ஒரு கெமிக்கல் கம்பெனி குடோனில் வேலை. வீடியோ காலில் எப்போதும் அடுக்களையிலிருந்துதான் பேசுவேன். அன்று சிக்னல் கிடைக்காமல் வராந்தாவுக்கு வந்தேன். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, கண் இமைத்தது.

"ஏட்டி, உனக்க பொறத்தால இருக்கது என்ன?"

"திரு இருதயம். உங்க அம்மைக்குக் கடல்ல கெடச்சது," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது சாமியில்லட்டி. அந்தப் படம் போட்ட டிரம்ம இங்க கையுறை இல்லாம தொட விடமாட்டான். உள்ள இருக்கது ஒடம்புக்குள்ள போனா ஈரலயும் நெஞ்சயும் அரிக்கும்னாக்கும் அர்த்தம். வயித்துப் பிள்ளைக்கும் ஆகாது. நீ அதில வெள்ளம் குடிக்கியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அதே சிவப்பு, அதே கோடுகள். ஆனால் நெஞ்சிலிருந்து ஒளி பரவவில்லை. நெஞ்சு உடைந்துகொண்டிருந்தது. உப்பு எதையும் தின்னவில்லை. முகம் இல்லாமல்தான் வரைந்திருந்தார்கள். இருபத்திரண்டு நாள் அதன் முன்னால் நின்று, இந்தப் பிள்ளையையாவது விட்டுவையும் ஆண்டவரே என்று கெஞ்சியிருக்கிறேன்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். துடிப்பு இருந்தது. டிரம்மில் என்ன இருந்தது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது, பிறக்கட்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், முகமூடி போட்ட ஆட்கள் வந்து டிரம்மைச் சுற்றிக்கட்டி எடுத்துப்போனார்கள். என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"நீங்களும் வாங்க மாமி, ரத்தம் பாக்கணும்லா," என்று கூப்பிட்டேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு எதுக்கு மக்கா? நான் குடிக்கல்ல. கொறஞ்சு போவுமேன்னு அம்புட்டையும் உனக்காக்கும் வச்சேன்."

வந்ததே ஒரு கோபம்! அவர்மேலா, படித்தும் முட்டாளான என்மேலா, தெரியாது. "எனக்க பிள்ளைய நீங்க இனி தொடக்கூடாது," என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

தை மாதம் பெண் பிறந்தாள். நல்ல சத்தமாக அழுதாள். டாக்டர் கை, கால், கண் எல்லாம் பார்த்து, இப்போதைக்குக் குறை தெரியவில்லை, வளர வளரப் பார்ப்போம் என்றார். நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி மாமியாரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

அப்புறம் பிள்ளையைத் தூக்கச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். காலில் விழாத குறை. "கோவமில்ல மக்கா. பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு முழுசாச் சொல்லட்டு," என்பார். பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். துணி துவைக்கிறார், தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டுகிறார். பிள்ளையை மட்டும் தொட்டதில்லை. நேற்று அவள் தவழ்ந்து போய் அவருடைய கால்விரலைப் பிடித்தாள். அவள் தானாக விடும்வரை மாமியார் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.