அப்பா தீவுக்குத் திரும்பிய வருஷம்

பச்சைக் கடலை ஆயும்போது விரலில் ஏறும் ஈரமண் வாசனை... சோப்புப் போட்டாலும் போகாது. அம்மாவின் கையில் அது எப்போதும் இருக்கும்.

ஆலங்குடிப் பக்கம் அகதி முகாமில் இருந்தோம். எனக்கு எட்டு வயதில் இலங்கைத் தீவு ஒன்றிலிருந்து படகேறி வந்த குடும்பம். அங்கே மீன் பிடித்த அப்பா இங்கே பெயிண்டர். நான் புதுக்கோட்டையில் டிகிரி கடைசி வருஷத்துக்குள் நுழைந்தபோது, சாரத்திலிருந்து விழுந்து அவருடைய முழங்கால் போயிற்று. ஏணி ஏற முடியாத பெயிண்டரை யார் கூப்பிடுவார்கள்? அம்மாவின் கடலைக்காட்டுக் கூலியில் மூன்று பேர் சாப்பிட்டோம்.

அப்போது இலங்கையில் சண்டை நின்றிருந்தது. வள்ளம் சும்மா கிடக்கிறது, வா என்று தீவிலேயே தங்கிவிட்ட பெரியப்பா கடிதம் போட்டார்.

"ஏணிக்குத்தான் கால் வேணும். வள்ளத்துக்குக் கை போதும்," என்றார் அப்பா. "ஒண்டா வந்தனாங்கள், ஒண்டாப் போவம்."

என் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை... அம்மாவோடு கடலை ஆயும் செல்லாயி அத்தை வரும்வரை.

"ஏண்ணே, பட்டம் வாங்கப்போற புள்ளைய இழுத்துக்கிட்டுப் போயி மீன் கழுவ விடப்போறீங்களா? எங்க வீட்ல கெடக்கட்டும். நாலு புள்ளையோட அஞ்சாவதா ஒரு எலை போட மாட்டேனா?"

"இஞ்சேருங்கோ... ஒரு வருசந்தானே," என்றாள் அம்மா மெதுவாக.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

"முடிச்சிட்டு வாரேன்ப்பா."

"கேட்டியே, ஆலங்குடிக்காரி மாதிரியே கதைக்கிறாள்!" சிரித்துவிட்டு, வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இருவரும் போனார்கள். நான் அத்தை வீட்டிலிருந்து படித்து முடித்தேன். ஒரு வேலை கிடைத்தது. கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். அதற்குள் அங்கே மறுபடி சண்டை... உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பே நான் தள்ளிப்போட ஆரம்பித்திருந்தேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள். அந்த ஒரு வருஷம் இருபதைத் தாண்டிவிட்டது.

அப்போதெல்லாம் கடிதம் வர ஒரு மாதம் ஆகும். ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் அப்பா கேட்டிருப்பார்: "எப்ப வாறாய்?"

இப்போது தினமும் வீடியோ காலில் வருகிறார். வலையைக் காட்டுவார், பிடித்த மீனைக் காட்டுவார், பேரன்களின் மார்க்கை விசாரிப்பார்...

அதை மட்டும் கேட்பதில்லை.