அக்கா கழற்றிக் கொடுத்த செயின்

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். அப்போது திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்களை அவித்து எடுத்தது. மனைவிக்குத் தாய் இல்லை. பிள்ளையையும் அவளையும் பார்த்துக்கொள்ள என் அக்கா சேவூரிலிருந்து வந்திருந்தாள்.

குழந்தைக்கு மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. பீய்ச்சிய பாலை அக்காதான் பாலாடைச் சங்கில் புகட்டுவாள். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தேன். அங்கே மிஞ்சும் வெள்ளைத் துணித் துண்டுகள்தான் குழந்தைக்கு வாய் துடைக்க, இடுப்பில் கட்ட, எல்லாவற்றுக்கும். திருப்பூரில் பிறந்த பிள்ளைக்குப் பட்டுத் துணியா கட்டுவார்கள்?

ஒருநாள் காலையில் பார்த்தால், இடது காதுக்கு முன்னால் கன்னம் வீங்கியிருந்தது.

"பொன்னுக்கு வீங்கிடா. பொன்னு போட்டா எறங்கிரும்" என்றாள் அக்கா.

அது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவிடம் இருந்த ஒரே தங்கம் தாலி கோத்த செயின். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, செயினைக் குழந்தையின் கழுத்தில் தளர்வாகப் போட்டுவிட்டாள். நானும் நம்பினேன். பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகுமோ!

சாயங்காலம் கன்னம் சிவந்துவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. புகட்டிய பால் கடைவாயில் வழிந்தது. அக்கா துடைத்தபோது வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது.

"பாலு திரிஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

அவள் துணியை முகர்ந்து பார்த்தாள். "பாலு இல்லடா, சீழு. பொன்னும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். வண்டிய எடு."

சீழ் பட்ட துணியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா முதலில் செயினைக் கழற்றச் சொன்னார். பிறகு கன்னத்தை மெல்ல அழுத்தினார். வாய்க்குள்ளே, கன்னத்தின் உட்புறத்தில் சீழ் துளிர்த்தது.

"பொன்னுக்கு வீங்கி இல்லீங்க. எச்சில் சுரப்பியில கிருமி புகுந்து சீழ் புடிச்சிருக்குது. கொறமாசக் கொழந்த, பாலும் சரியா எறங்கல, ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு. ரத்தத்துல கலந்துட்டா உசுருக்கே ஆபத்துங்க. நல்லவேளை, கொண்டாந்துட்டீங்க."

பிஞ்சுக் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினார்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை; வெளியே போய் வாட்ச்மேனிடம் வண்டி நிறுத்துவதைப் பற்றி வம்பிழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்கா.

மருந்து ஏற ஏறக் காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. ஒரு மத்தியானம் குழந்தை முதல்முறையாகத் தாய் மார்பில் வாய் வைத்துச் சப்பினாள். அந்தச் சத்தம் கேட்டு வார்டிலேயே அழுதேன். அந்த டாக்டரம்மாவை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவரைவிட அக்காவை. காலையில் அவ்வளவு உறுதியாக நம்பியதைச் சாயங்காலமே தூக்கிப்போட எத்தனை பேரால் முடியும்?

வீடு திரும்பியதும் செயினை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பொன்னுக்கு வீங்கியே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்லக்கா. பொன்னு போட்டும் கேக்கல, எடுத்துக்க" என்றேன்.

"கேக்கலைங்கறதுக்காக, புள்ளைக்குப் போட்டதத் திருப்பி வாங்குவனாடா?" என்றாள்.

அக்கா கழுத்தில் இன்றும் மஞ்சள் கயிறுதான். செயின் என் மகள் கழுத்தில் இருக்கிறது.