நடுச்சுவரில் குடியேறிய அம்மன்

எங்கள் குடும்பத்தில் புத்தகம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் செய்தி கறையானுக்கும் எட்டியிருக்க வேண்டும். வாங்கிய வருஷமே என் பூகோளப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவைப் பாதி தின்றுவிட்டது.

நான் கடலூரில் எட்டாவது முடித்ததும் அப்பாவுக்குச் சிதம்பரத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில்தான் கறையான் ஏறியது.

அம்மா தாரும் மண்ணெண்ணெயும் கேட்டாள். "யுத்த காலத்துல மண்ணெண்ணெய்க்கு எங்கம்மா போவேன்? செல்லு அரிக்காத வூடு உண்டா? பெருக்கித் தள்ளு" என்றார் வீட்டுக்காரர். அம்மாவும் தினம் பெருக்கித் தள்ளினாள்.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊரான காடாம்புலியூர் போய்ப் பலாப்பழம் தின்றுவிட்டுத் திரும்பினால், மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புற்று. "வந்து பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள் அம்மா. கூடவே அவர் மனைவியும் வந்தார். பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே! எங்க வூட்டுக்கே வந்துட்டியா?"

ஓடிப்போய் மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து புற்றுக்குப் பூசினார். பிறகு அம்மாவிடம், "ஆடி முடியறதுக்குள்ள காலி பண்ணிடும்மா. அம்மன் இருக்கிற எடத்துல கருவாடு வறுப்பியா?" என்றார்.

எங்களுக்கு வீடு விட அந்தப் பக்கத்தில் வேறு யாருமில்லை. இந்த வீடு போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது; படிப்பும் அதோடு சரி.

"இது வெறும் பூச்சிங்க. டீச்சர் படம் போட்டே காட்டினாங்க" என்றேன்.

"பாத்தியா! நாலு எழுத்து படிச்சதும் அம்மனையே பூச்சிங்கிறா!"

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "நீங்க சொல்றதுதான் சரிக்கா. இனிமே தொடக்கூட மாட்டேன்" என்றாள். அவள் அவ்வளவு பணிவாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அன்றிலிருந்து பெருக்குவதை நிறுத்தினாள். வீட்டுக்கார அம்மா தினமும் வந்து புற்றுக்குப் பால் ஊற்றினார். சுவர் நன்றாக ஈரம் கண்டது. கறையானுக்கு வேறென்ன வேண்டும்?

ஆடிப்பெருக்கு அன்று முன்கட்டில் ஒரு அலறல். ஓடினோம். கூறைப்புடவை எடுப்பதற்காக, நடுச்சுவரை ஒட்டியிருந்த மரப்பெட்டியைப் புருஷனும் பெண்டாட்டியும் தூக்கியிருக்கிறார்கள். பெட்டி மேலே வந்துவிட்டது. அடிப்பலகை மண்ணாகத் தரையிலேயே கிடந்தது. அதன்மேல் சல்லடைக் கண்ணாகப் புடவைகள்.

அம்மா முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

"அக்கா, அம்மன் உங்க பக்கமும் வந்துட்டாங்களா! பால் கொண்டாரட்டுமா?"

"பாலா?" வீட்டுக்கார அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "கட்டிலுக்கடியில டின்னு இருக்கில்ல, எடுங்க!"

யுத்த காலத்தில் எங்குமே கிடைக்காத மண்ணெண்ணெய், டின் நிறைய வந்தது. வீட்டுக்காரர் கடப்பாரையால் இரண்டு பக்கமும் இடித்து ஊற்றினார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, "தாயே, மன்னிச்சுக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே, "அந்த மூலையில இன்னும் ஜாஸ்தியா ஊத்துங்க" என்று கை காட்டினார்.

எல்லாம் அடங்கியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாங்க எப்பக்கா காலி பண்றது?"

புடவையை உதறிக்கொண்டே அவர் சொன்னார்: "அதான் அம்மனே காலி பண்ணிட்டாளே. நீ எங்க போற? உள்ள போய்க் கருவாட்ட வறு, போ."