அண்ணன் சீராகக் கொண்டுவந்த வால்வு செட்டு

கொள்ளிடக் கரையோரம் குமராட்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்து, கடலூர் முதுநகரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தி, ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குச் சத்தம் கொடுத்துவிட்டு, தூக்கத்திலேயே சத்தமில்லாமல் விடைபெற்றார் எங்கள் அண்ணன். இன்றோடு ஓராண்டு. அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவரை நினைத்தால் அப்படித்தான் ஆகும்.

அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கையான என்னைப் படிக்க வைத்தார். பிறகு சொந்தமாகக் கடை போட்டார். ஒரு புயலில் அதன் கூரை பறந்தபோது, நனையாமல் இருக்க எல்லாப் பெட்டிகளையும் அண்ணியின் புடவைகளால் மூடிவிட்டார். அவற்றில் இருந்த ஒரு பட்டுப்புடவையைப் பற்றி அண்ணி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

என் கணவர் சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியர். மாலை வேளைகளில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பார். அந்தக் குழுவுக்கு மைக்செட் போட்டவர் அண்ணன். இருவரும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்ட சிநேகிதர்கள். எங்கள் கல்யாணத்தோடு அது நிஜ உறவாகிவிட்டது.

கிதாருக்கென்று என் கணவரிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் உண்டு. புதுச்சேரியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கியது. வால்வு செட்டு என்போம். சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் வாய் திறக்கும். குழு கலைந்த பின் அது பழுதாகி எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது. நான் அதன்மேல் இஸ்திரித் துணி அடுக்கி வைத்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கணவருக்கு ஓர் ஆசை வந்தது. மண்டபத்தில் அந்த செட்டில் அவளுக்காக ஒரு பாட்டு வாசிக்க வேண்டுமாம். அண்ணன் உடனே அதை முதுநகருக்கு எடுத்துப் போனார்.

பழுது பார்த்ததில் தகராறு இல்லை. உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றினார். செத்துப்போன வால்வுக்கு வேறொன்று தேடிப் பிடித்தார். விடாமல் கேட்ட ‘ம்ம்ம்’ இரைச்சலை ஒழித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்தப் பொருளையும் வந்தது வந்தபடி விடும் பழக்கம் அண்ணனுக்கு இல்லை.

“மச்சான், இதுல ஒரு சின்ன வேலை பண்ணா சத்தம் நல்லா தடிப்பா, கரகரன்னு வரும்.”

“எனக்குப் பழைய சத்தந்தான் வேணும். பெட்டியில ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது.”

“பழைய சத்தத்துல நீ பண்ற தப்பெல்லாம் ஜாஸ்தியா கேக்குது மச்சான்.”

மறுவாரம் கடைக்குப் போன என் கணவர், செட்டுக்குப் பக்கத்தில் ட்ரில்லிங் மெஷினைப் பார்த்துவிட்டார். “என் செட்ட இனிமே தொடாத” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். “அப்ப சீர் எடுத்துக்கினு நானும் வரல, போ” என்று அண்ணன் பின்னாலேயே கத்தினாராம்.

தாய்மாமன் சீர் இல்லாமல் என் மகள் மணவறை ஏறுவதா? எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இவர் பிடி கொடுக்கவில்லை. முதுநகருக்குப் போன் செய்தால் அண்ணி, “அவுங்க கடையச் சாத்திக்கினு உள்ள என்னமோ பண்றாங்க. கேட்டா எரிஞ்சி வுழறாங்க” என்றார்.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் மேளம் கேட்டது. முன்னால் புடவைத் தட்டோடு அண்ணி. பின்னால் தேங்காய், பழம், பண்ருட்டி பலாப்பழம். கடைசியாக அண்ணனும் லோடு ஆட்டோக்காரரும் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அதன்மேல் சரிகைத் துண்டு, முகப்பில் மஞ்சள் குங்குமம். வால்வு செட்டேதான்.

என் கணவர் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராகப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஓட்டையைத் தேடினார். புது ஓட்டை எதுவும் இல்லை. இன்னொரு ஸ்பீக்கர் மாட்டுவதற்காக முதலிலிருந்தே இருந்த, யாரும் பயன்படுத்தாத துளையில் ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தியிருந்தார் அண்ணன். மேலே ‘உன்னுது’, கீழே ‘என்னுது’ என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது. மேலே தள்ளினால் பழைய சத்தம். கீழே தள்ளினால் அண்ணன் கைவேலை.

“அப்ப அந்த ட்ரில்லு?”

“அது கடையில பலகை அடிக்க எடுத்தது மச்சான். கேட்டுட்டுக் கோச்சிக்கக் கூடாதா?”

தாலி ஏறிய பின், செட்டு சூடேறும்வரை மண்டபமே காத்திருந்தது. ‘உன்னுது’ பக்கத்தில் வைத்துத்தான் இவர் வாசித்தார். தப்புகளும் தெளிவாகக் கேட்டன. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த அளவுக்கு நான் சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணன் முதல் வேலையாக சுவிட்சைக் கீழே தள்ளுவார். அவர் பஸ் ஏறியதும் இவர் மேலே தள்ளுவார். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், “எந்தப் பக்கம் இருக்குது?” என்றார் அண்ணன். “மேலதான்” என்றார் இவர். “நீ திருந்தமாட்ட” என்றார் அண்ணன். அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அண்ணனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், அண்ணியைத் தனியாக விடாத முதுநகர் அக்கம்பக்கத்தாருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த லோடு ஆட்டோக்காரருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனின் காரியம் முடிந்து நாங்கள் வீடு திரும்பிய அன்று, என் கணவர் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, சூடேறும்வரை உட்கார்ந்திருந்து, அந்தக் கல்யாணப் பாட்டை முழுதாக வாசித்தார். “இப்பவும் எனக்கு என் பக்கந்தான் புடிக்குது” என்றார். ஆனால் திரும்ப மேலே தள்ளவில்லை.

இன்று எங்கள் வீட்டுப் படையலுக்கு வரும் அனைவரும் வயிறாரச் சாப்பிட்டு, என் கணவர் வாசிப்பதையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு வேண்டுகோள். அந்த சுவிட்சில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். ஒரு வருடமாக அது அண்ணன் பக்கம் இருக்கிறது.

— தங்கை, சிதம்பரம்